மூல ஓலையும் முகத்தின் நிறமும்

கல்யாண வீட்டில் எதை வெள்ளை என்று நம்புவீர்கள்? மாப்பிள்ளையின் வேட்டியைத்தானே. நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

2020 ஏப்ரல் மாதம், ஊரடங்கு. வைகாசி முகூர்த்தங்களுக்கு வாங்கியிருந்த முன்பணத்தை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஷட்டரைப் பாதி இறக்கிய ஸ்டுடியோவுக்குள் யூடியூப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வீடியோவில் பேசியவனுக்கு இருபத்திரண்டு வயதுகூட இருக்காது. காதில் கடுக்கன், பின்னால் ஊதா விளக்கு. “படத்துல எது நியூட்ரலோ, அதாவது எந்தக் கலரும் சேராத இடம் எதுவோ, அங்க டிராப்பரை வச்சு கிளிக் பண்ணுங்க மக்களே. மத்ததெல்லாம் தானா வந்து உக்காந்துரும்” என்றான்.

தை மாதம் எடுத்த ஒரு கல்யாணப் படத்தைத் திறந்தேன். மண்டபத்தில் எல்இடி ஒரு நிறம், வீடியோக்காரர் விளக்கு ஒரு நிறம், வாசலில் பச்சை சீரியல் பல்பு. லைட்ரூம் மென்பொருளில் ஒயிட் பேலன்ஸ் டிராப்பரை எடுத்து வேட்டியில் அமுக்கினேன். மண்டபம் மொத்தத்துக்கும் மஞ்சள் காமாலை வந்துவிட்டது. வேட்டியின் இன்னும் பளீரென்ற மடிப்பில் வைத்துப் பார்த்தேன்; இது வெளிச்சம் மிஞ்சிய இடம், வேறு இடம் பார் என்று மென்பொருளே மறுத்துவிட்டது. சலித்துப்போய், சும்மா, மாப்பிள்ளையின் நெற்றியில் இருந்த திருநீற்றில் வைத்து அமுக்கினேன். மாவிலை பச்சையானது. குங்குமம் குங்குமமானது. பெண்ணின் அரக்குப் புடவை என் கண்ணால் அன்று பார்த்த அரக்காகவே வந்து உட்கார்ந்தது.

காரணம் பிறகு விளங்கிற்று. வேட்டி வெள்ளை இல்லை. சொட்டு நீலம் போட்டு வெளுத்தது அது. இன்றைய சோப்புத் தூளில் கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளியை வாங்கி நீலமாக உமிழும் பொருளும் உண்டு. நீலத்தை வெள்ளை என்று நான் சொன்னால், மென்பொருள் அந்த நீலத்தை அடிக்க ஊர் முழுவதற்கும் மஞ்சளைப் பூசுகிறது. வெந்து தணிந்த சாம்பலிடம் அந்தப் பகட்டு கிடையாது. வியர்வையில் சந்தனம் கரைந்து கலந்துவிட்டால் மட்டும் அதுவும் உதவாது.

எந்தக் கலரும் சேராத இடம். அந்தப் பையன் போகிறபோக்கில் சொன்ன அந்தத் தொடர் அன்று இரவு என்னைத் தூங்கவிடவில்லை. அதற்குக் காரணம் எங்கள் ஊர்.

எங்கள் ஊர் திருவெண்ணெய்நல்லூர். மெய்கண்டார் சிவஞானபோதம் அருளிய ஊர். பதின்மூன்றாம் நூற்றாண்டு என்பார்கள். பன்னிரண்டு சூத்திரம், நாற்பது வரி, அவ்வளவுதான் நூல். நான் மாதம் ஒரு ஞாயிறு நடக்கும் சைவ சித்தாந்த வகுப்பில் இரண்டு வருடம் உட்கார்ந்தவன். உட்கார்ந்தேன் என்றுதான் சொல்ல முடியும், படித்தேன் என்றால் பாடம் நடத்தும் ஐயா சிரிப்பார். அங்கே அடிக்கடி காதில் விழுந்த ஒரு சொல் ‘சார்ந்ததன் வண்ணமாதல்’. உயிருக்கென்று தனி நிறம் கிடையாது. எதைச் சார்கிறதோ அதன் தன்மையாகவே நிற்கும். செம்பருத்திப் பக்கத்தில் வைத்த படிகம் சிவக்கிற மாதிரி. உயிரை மறைக்கும் அழுக்கான மலத்தைச் சார்ந்தால் மலமாய், சிவத்தைச் சார்ந்தால் சிவமாய். இதை நான் உவமை என்று குறிப்பேட்டில் எழுதி, கோடு போட்டு, மறந்திருந்தேன். இப்போது அது என் பிழைப்பாக வந்து எதிரே நிற்கிறது. பச்சைச் சுவர் அருகே நின்றவரின் தாடையில் பச்சை ஏறுகிறது. பந்தல் துணி சிவப்பாக இருந்தால் பந்திக்கு வந்தவர்கள் எல்லாரும் சிவக்கிறார்கள். அப்படியானால் அவர்களுடைய சொந்த நிறம் எங்கே இருக்கிறது? எதை நான் ‘திருத்துகிறேன்’?

அப்பாவுக்கு இந்தக் குழப்பம் இருந்ததில்லை. கறுப்பு வெள்ளைப் படத்துக்குக் கையால் வண்ணம் ஏற்றுவதில் அவர் கெட்டிக்காரர். ஈர்க்குச்சி நுனியில் பஞ்சைச் சுற்றி, எண்ணெய்ச் சாயத்தைத் தொட்டு, பூசின இடம் தெரியாமல் தேய்ப்பார். படத்தின் பின்பக்கம் வலது மூலையில் பென்சிலால் எழுதியிருக்கும்: ‘புடவை அரக்கு, ரவிக்கை கிளிப்பச்சை, மாநிறம்’. வந்தவர் சொன்னதுதான் சட்டம். சித்தாந்தத்தில் காண்டல், கருதல், உரை என்று மூன்று அளவைகள் உண்டு. நேரில் காண்பது, ஊகிப்பது, நம்பத்தக்கவர் சொல்லைக் கொள்வது. அப்பா உரையை மட்டும் வைத்து நிறம் போட்டவர்.

கேமராவோ கண்டதைக் காட்டும் கருவி என்று நினைத்திருந்தேன். இல்லையாம். சென்சாரின் மேல் சிவப்பு, பச்சை, நீலச் சில்லுகள் சதுரங்கக் கட்டம்போலப் பதித்திருக்கின்றன. கோடாக் நிறுவனத்தில் பிரைஸ் பேயர் என்பவர் 1976இல் காப்புரிமை பெற்ற அமைப்பு. சிவப்புக்கு ஒன்று, நீலத்துக்கு ஒன்று, பச்சைக்கு மட்டும் இரண்டு. ஆக ஒவ்வொரு புள்ளியும் ஒரே ஒரு நிறத்தைத்தான் நிஜமாக அளக்கிறது. மீதி இரண்டையும் அக்கம்பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்துக் கணக்குப் போட்டு நிரப்புகிறார்கள். பெரும்பாலான கேமராக்களில் இதுதான் கதை. ஒரு பங்கு காண்டல், இரண்டு பங்கு கருதல்! ‘போட்டோவிலேயே இருக்கே’ என்று பஞ்சாயத்தில் படத்தை நீட்டுகிறவர்களைப் பார்த்தால் இப்போது எனக்குச் சிரிப்பு வருகிறது.

வகுப்பு மறுபடி தொடங்கியதும் ஐயாவிடம் இதைக் கேட்டேன். உயிரும் கேமராவும் ஒன்றுதானோ என்று. “உவமையை ரொம்ப இழுக்காதே, அறுந்துடும்” என்றார். பிறகு சிறிது நேரம் கழித்து, “படிகத்துக்குத் தான் சிவந்திருக்கிறது தெரியாது. உயிருக்குத் தெரியவரும். அந்த வித்தியாசத்தை விட்டுடாதே” என்றார்.

தெரியவருவது அவ்வளவு சுலபமில்லை என்பதற்கு என் கதையே சாட்சி. கற்றுக்கொண்ட புதிதில் ஒரு கல்யாண ஆல்பம் முழுவதையும், அறுநூற்றுச் சொச்சம் படம், நான்கு ராத்திரி உட்கார்ந்து திருத்தினேன். திரையில் தேவலோகம். லேபிலிருந்து வந்த ஆல்பத்தைப் பிரித்தால் எல்லார் முகத்திலும் மஞ்சள் அப்பியிருந்தது. என் மானிட்டர் நீலம் கூடுதலாகக் காட்டும் மானிட்டர். அந்த நீலத்தைக் குறைக்க நான் மஞ்சளை ஏற்றிக்கொண்டே போயிருக்கிறேன். பெண் வீட்டார் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் பெண்ணின் தங்கை கல்யாணத்துக்கு வேறு ஆளைக் கூப்பிட்டார்கள்.

மானிட்டர் கோளாறு பாதிதான். மறு பாதி கண். ஒரே சாயத்தை அரைமணி நேரம் பார்த்தால் கண் அதைச் சமன் செய்துகொள்கிறது. மஞ்சளே வெள்ளையாகத் தெரியும். உமாபதி சிவம் திருவருட்பயனில் ஆணவம் என்னும் மலத்தைப் பற்றிச் சொல்லும்போது இருளோடு ஒப்பிடுவார். இருட்டு எந்தப் பொருளையும் காட்டாது, ஆனால் ‘இங்கே இருட்டு இருக்கிறது’ என்று தன்னையாவது காட்டும். ஆணவம் இரண்டையும் காட்டாது. படித்தபோது இது அழகான சொற்கட்டு என்று நினைத்தேன். அறுநூறு மஞ்சள் முகங்களை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோதுதான் அது அனுபவக் குறிப்பு என்று உறைத்தது. மறைக்கிறது என்பதே தெரியாமல் மறைக்கும் ஒன்று இருக்கிறது. இதற்குப் பையன் சொன்ன வைத்தியம் எளிது: அரைமணிக்கு ஒருமுறை எழுந்து வெளியே போய் வாருங்கள், திரைக்குப் பின்னால் சுவர் சாம்பல் நிறமாக இருக்கட்டும், அறையில் ஒரே விளக்கு எரியட்டும். என் ஸ்டுடியோச் சுவர் அதுவரை ரோஸ். என் மனைவி ஆசைப்பட்டு அடித்தது. அவள் மனத்தாங்கலோடு சாம்பல் அடித்தோம்.

அந்தப் பையனைக் குரு என்று சொல்லலாமா என்று யோசித்திருக்கிறேன். வயது ஒரு தடையில்லை, எங்கள் ஊரில் அதைத் தடை என்று சொல்லவே முடியாது. சகலாகம பண்டிதர் என்று பெயர் வாங்கிய முதியவர், தம் மாணவர்கள் ஒரு சின்னப் பிள்ளையிடம் பாடம் கேட்கப் போகிறார்களே என்று கோபத்தோடு வந்து, ஆணவம் எப்படி இருக்கும் என்று மெய்கண்டாரிடம் கேட்டார். பிள்ளை பேசவில்லை. விரலால் அவரையே சுட்டினார் என்பார்கள் சிலர். மேலும் கீழும் பார்த்தார் என்பார்கள் சிலர். முதியவர் விழுந்து வணங்கி அருணந்தி சிவாசாரியார் ஆனார். சிவஞான சித்தியார் எழுதியவர் அவர்தான். ஆகவே என் ஐம்பத்து நான்கு அவனுடைய இருபத்திரண்டின் முன் கைகட்டி உட்கார்ந்ததில் வெட்கமில்லை. (அவன் நடுவில் ‘சப்ஸ்கிரைப் பண்ணுங்க, பெல் ஐகானை அமுக்குங்க’ என்று கேட்பதை நான் தட்சிணை என்றே எடுத்துக்கொள்கிறேன். மனப்பூர்வமாக அமுக்கினேன்.)

தடை வேறு இடத்தில் இருக்கிறது. இறைவன் உயிருக்குச் செய்வது இரண்டு உதவி என்று வகுப்பில் சொல்லித்தருவார்கள்: காட்டும் உபகாரம், காணும் உபகாரம். பொருளைக் காட்டுவது மட்டும் போதாது, உயிரோடு உடன் நின்று தானும் காண வேண்டும்; அப்போதுதான் உயிருக்குக் காட்சி கூடுகிறது. வீடியோப் பையன் முதல் உதவியை வஞ்சனையில்லாமல் செய்தான். ஆர்ஜிபி கர்வை மூன்றாகப் பிரிப்பது எப்படி, ஹிஸ்டோகிராமில் எது இடிக்கிறது என்று பார்ப்பது எப்படி, ஜே பட்டனை அமுக்கினால் வெளிச்சம் தீய்ந்த இடம் சிவப்பாகவும் இருளில் முழுகிய இடம் நீலமாகவும் தெரிவது எல்லாம் அவன் காட்டியவை. இரண்டாவது அவனால் முடியாது. அவன் என் திரையைப் பார்க்கவில்லை. என் சுவர் ரோஸ் என்பது அவனுக்குத் தெரியாது. ஒரே பாடத்தை நாற்பது தடவை ஓட்டினாலும் நாற்பது தடவையும் அதே சிரிப்போடு “சூப்பர்ல?” என்பான், நான் மஞ்சள் அப்பிக்கொண்டிருக்கும்போதும்.

இரண்டாவது உபகாரத்தைச் செய்தவள், காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு என் தோளுக்குப் பின்னால் நின்ற என் மனைவி. “ஏங்க, பொண்ணு முகத்துக்கு மஞ்சத்தூளு கொட்டினாப்புல இருக்கு.” மென்பொருள் பெயர்கூடத் தெரியாதவள். ஆனால் அவள் கண் அப்போதுதான் வெயிலிலிருந்து வந்தது.

ஆரஞ்சுக்கு வருகிறேன். தள்ளிப்போட முடியாத இடம் அதுதான். மென்பொருளில் எட்டு நிறங்களுக்குத் தனித்தனி ஸ்லைடர் உண்டு. மனிதத் தோல், கறுப்போ சிவப்போ, பெரும்பாலும் ஆரஞ்சு வீட்டில்தான் குடியிருக்கிறது. ஆளுக்கு ஆள் பெரிதும் மாறுவது வெளிச்ச அளவு. ஆகவே ஆரஞ்சு லூமினன்ஸை வலப்பக்கம் தள்ளினால் போதும், விழுப்புரம் மாவட்டமே சிவந்துவிடும். எல்லா வீடியோவிலும் இதைச் சொல்லித்தருகிறார்கள், எல்லாக் கல்யாண வீட்டிலும் கேட்கிறார்கள். பெண்ணின் அம்மா தணிந்த குரலில், “அண்ணே, பாத்து கொஞ்சம் கலரா போடுங்க” என்பார். ‘கலர்’ என்றால் என்ன பொருள் என்று உங்களுக்குத் தெரியும். ஸ்லைடரைத் தள்ளும்போது முகம் மட்டும் வெளுப்பதில்லை. தேக்குக் கதவு வெளுக்கும், சங்கிலி வெளுக்கும், தாலிக்கயிற்றில் புதிதாகத் தேய்த்த மஞ்சளும் கொஞ்சம் வெளுக்கும். முகத்தை மட்டும் பிரித்துத் தள்ளவும் இப்போது வழி வந்துவிட்டது. அதையும் கற்றுக்கொண்டேன். மறைக்கவில்லை.

இது ஏதோ நம்மூர்ப் பெண் வீட்டார் ஆசை மட்டும் என்று நினைக்க வேண்டாம். பிலிம் காலத்தில் நிறம் சரிபார்க்க கோடாக் லேப்களுக்கு அனுப்பிய மாதிரிப் படத்தில் ஒரு வெள்ளைக்காரப் பெண் இருப்பாள். ‘ஷெர்லி கார்டு’ என்று பெயர். அவள் முகம் சரியாக வந்தால் மிஷின் சரி. பல நிறத்துப் பெண்களை ஒன்றாக நிறுத்திய அட்டை 1990களில்தான் வந்தது. டிராப்பரை எங்கே வைக்கிறோமோ அதுதான் மற்ற எல்லாவற்றுக்கும் நிறம் சொல்கிறது.

நிறம் பொருளில் இருக்கிறதா, ஒளியில் இருக்கிறதா, கண்ணில் இருக்கிறதா என்று கேட்டால், மூன்றும் சார்ந்து பிறப்பது என்றுதான் எனக்குப் படுகிறது. அப்படியானால் எப்படி வேண்டுமானாலும் மாற்றலாமே, எல்லாம் சார்புதானே என்று ஒரு குரல் எழும். ப்ரீசெட் விற்கிறவர்கள் எல்லோரும் அந்தக் குரலில்தான் பேசுகிறார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. அதற்கும் எங்கள் ஊர்க் கதையே இருக்கிறது.

சுந்தரருக்குப் புத்தூரில் கல்யாணம். கிழவர் ஒருவர் வந்து, இவன் என் அடிமை, இதோ ஓலை என்கிறார். சுந்தரர் ஓலையைப் பிடுங்கிக் கிழித்துப் போடுகிறார். கிழவர் அசரவில்லை. நீ கிழித்தது படி ஓலை, மூல ஓலை திருவெண்ணெய்நல்லூரில் இருக்கிறது என்கிறார். சபை கூடுகிறது, மூல ஓலை வெளியே வருகிறது, சுந்தரரின் பாட்டன் கையெழுத்தை ஒத்துப் பார்க்கிறார்கள், வழக்கு முடிகிறது. கிழவர் கோயிலுக்குள் போய் மறைகிறார். பெரியபுராணத்தில் வரும் இந்தக் கதையைச் சின்ன வயதிலிருந்து கேட்டவனுக்கு, கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா ஃபைல் என்றால் என்ன என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. ஜேபெக் படி ஓலை. நிறத்துக்கு 256 நிலைதான் அதில். ரா மூல ஓலை. 14 பிட் என்றால் 16,384 நிலை. லைட்ரூமில் நீங்கள் எவ்வளவு ஸ்லைடர் தள்ளினாலும் மூலத்தை அது தொடுவதில்லை, தள்ளியதை மட்டும் தனியே எழுதி வைத்துக்கொள்கிறது. எந்தப் படியையும் கிழிக்கலாம், வெளுக்கலாம். மூலம் ஓரிடத்தில் இருக்க வேண்டும், சபையில் கேட்டால் எடுத்துக் காட்ட முடிய வேண்டும்.

மூலமே இல்லாத வேலை ஒன்று போன ஆடியில் வந்தது. அண்ணன் தம்பி இருவர், இறந்துபோன அம்மாவின் படத்தைக் கொண்டுவந்தார்கள். எண்பதுகளில் எடுத்த கலர் பிரிண்ட், நெகட்டிவ் கிடையாது. அந்தக் காலப் பிரிண்டுகள் பலவற்றில் சயான் சாயம் முதலில் மங்கிவிடும். படம் செக்கச்செவேல் என்று ஆகியிருந்தது. பெரிதாக்கி மாலை போட வேண்டும். “அம்மா நல்ல கறுப்புண்ணா” என்றார் மூத்தவர். “அவ்ளோ கறுப்பு இல்லண்ணா, மாநிறம்” என்றார் இளையவர். எனக்கு முன்னால் இரண்டு உரை, ஒன்றுக்கொன்று பொருந்தாமல்.

ஸ்கேன் செய்து தேடினேன். குங்குமத்துக்கு மேலே ஒரு கீற்றுத் திருநீறு இருந்தது, அரிசி அகலம். அதில் டிராப்பரை வைத்தேன். பாதி வந்தது, வெளிச்சப் பகுதி சரியாகி, நிழல்களில் சிவப்பு நின்றது. பையனின் பழைய பாடத்தைத் திரும்ப ஓட்டி, கர்வில் சிவப்பு, பச்சை, நீலம் என்று தனித்தனியாக இழுத்து இரண்டு நாள் உட்கார்ந்தேன். வந்த நிறம் சரியா தப்பா என்று சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

மூன்றாம் நாள் அவர்களுடைய அக்கா வந்தார். கையில் மஞ்சள் பை. எதுவும் பேசாமல் ஒரு புடவையை எடுத்து மேசைமேல் வைத்தார். படத்தில் அம்மா கட்டியிருந்த அதே கத்தரிப்பூப் பட்டு. “பொட்டியிலயே இருந்துச்சுங்க. நாத்து நடவுல சேந்த காசுல எடுத்தது.” வெளிமடிப்பு வெளுத்திருந்தது. உள்மடிப்பைப் பிரித்தேன், சாயம் அப்படியே. ட்யூப்லைட்டை அணைத்துவிட்டு, ஜன்னல் வெளிச்சத்தில் மடிப்பைத் திரைக்குப் பக்கத்தில் பிடிக்கச் சொன்னேன். புடவை புடவையோடு ஒத்துவரும்வரை கர்வை நகர்த்தினேன். முகத்தைத் தொடவே இல்லை. புடவை ஒத்துவந்தபோது முகம் தானாக ஒரு நிறத்தில் வந்து நின்றது. நல்ல கறுப்பு. வெயிலில் நின்ற கறுப்பு. அந்த அக்கா திரைக்குக் கிட்டே வந்து, புடவையைப் பிடித்த கையோடு, “ஆங்” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

இளையவர் சாயங்காலம் தனியாக வந்தார். “அண்ணா, எனக்கு மட்டும் ஒரு காப்பி, கொஞ்சம் தூக்கிக் குடுங்க. என் வீட்டுக்காரி ஊர்ல மாட்டணும்.” ஆரஞ்சைப் பதினைந்து தள்ளிக் கொடுத்தேன். அவருக்கு அவர் அம்மா நினைவில் அந்த நிறமாக இருக்கலாம். அதை மறுக்க நான் யார். ஆனால் அப்பா எழுதிய அதே வலது மூலையில், பின்பக்கம், பென்சிலால் ‘படி’ என்று எழுதினேன். சட்டம் போட்டாகிவிட்டது, யாரும் பார்க்கப் போவதில்லை. இரண்டுக்கும் ஒரே விலைதான் வாங்கினேன்.